மாற்கு நற்செய்தியில் தொடங்கித் தினமும் வேதம் வாசித்துத் தியானக் குறிப்பு எழுதுதல்: தோட்டப்புறக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் செல்லும் பலர், வார நாட்களில் வேதாகமத்தைத் தாங்களாகத் திறந்து வாசிக்கத் தொடங்கினால் சில நாட்களுக்கு மேல் தொடர முடியாமல் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு ஆர்வம் நிறையவே இருக்கிறது. எதை முதலில் செய்வது, எதை அதற்குப் பின் செய்வது என்ற வரிசையைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. வீட்டு ஜெபக் கூட்டங்களில் புதியவர்களோடு அமர்ந்து வாசித்து வந்ததில் நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றுதான். பகுதியை வாசித்த மறுகணமே “இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?” என்ற கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள். பகுதி என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே பாடம் சொல்லத் தொடங்குவதால், எதை வாசித்தாலும் முன்பே தெரிந்த பாடமே மீண்டும் வருகிறது. சலிப்பும் அதன் பின்னே வருகிறது.

கீழே உள்ள வரிசை அந்தத் தாவலைத் தடுப்பதற்காக அமைந்தது. தனியாக வாசிப்பவருக்கும், குடும்பமாக வாசிப்பவர்களுக்கும், வாரக் கூட்டத்தில் ஒரு சிறு தியானம் பகிரும்படி கேட்கப்பட்டவருக்கும் இது பொருந்தும்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேதாகமம் வேண்டும். வீட்டில் பல ஆண்டுகளாக இருக்கும் குடும்ப வேதாகமத்தின் எழுத்து பெரும்பாலும் பொடியாக இருக்கும். மாலை விளக்கில் அதை வாசிக்க முயலும் பெரியவர்கள் கண் வலியால் நிறுத்திவிட்டு, தங்களுக்குப் பக்தி குறைந்துவிட்டதாக வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். பெரிய எழுத்துப் பதிப்பும், சரியான மூக்குக்கண்ணாடியும், நாற்காலிக்கு மேல் நல்ல வெளிச்சமும் முதலில் ஏற்பாடு செய்யப்பட வேண்டும்.

நம் குடும்பங்களில் ஒருவர் பழைய மொழிபெயர்ப்பையும் மற்றொருவர் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பையும் வைத்திருப்பது வழக்கம். ஒரு நூலை முதன்முறையாக வாசித்து முடிக்கும் வரை, எல்லாரும் ஒரே மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துவது நல்லது. ஒருவர் வாய்விட்டு வாசிக்கும்போது மற்றவர் கண்ணால் பின்தொடர அது உதவும். சொல் வேறுபாட்டைப் பற்றிய பேச்சு வாசிப்பின் நேரத்தை விழுங்குவதும் நிற்கும். நூல்களின் பெயர்கள் மாறுவதை மட்டும் அறிந்திருக்க வேண்டும்: ஒன்றில் சங்கீதம் என்பது மற்றொன்றில் திருப்பாடல்கள், ஆதியாகமம் என்பது தொடக்கநூல், அப்போஸ்தலருடைய நடபடிகள் என்பது திருத்தூதர் பணிகள். கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்களும் மற்றச் சபைகளின் பதிப்பில் 66 நூல்களும் இருந்தாலும், புதிய ஏற்பாட்டின் 27 நூல்கள் இரண்டிலும் ஒன்றே. ஆகையால் வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த உறவினர்கள் ஒன்றாக அமர்ந்து மாற்குவை வாசிப்பதற்குத் தடை ஒன்றுமில்லை.

அடுத்தது ஒரு நோட்டுப் புத்தகம். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் கோடிட்ட நோட்டே போதும். தேதி அச்சிட்ட டைரியை வாங்க வேண்டாம் என்று நான் எல்லாரிடமும் சொல்வதுண்டு, ஏனெனில் வாசிக்காத நாளின் பக்கம் அதில் வெறுமையாகவே நிற்கும். நான்கு வெற்றுப் பக்கங்களைப் பார்த்தவர் ஐந்தாம் நாள் டைரியைத் திறக்கத் தயங்குவார்.

கைப்பேசியில் வாசிப்பவர் இணைய இணைப்பை அணைத்துவிட்டே தொடங்க வேண்டும். வாசிக்கும்போது மேலே தோன்றும் ஒரு வாட்ஸ்அப் செய்தி, அடுத்த மூன்று வசனங்களைக் கண்ணில் படாமல் ஆக்கிவிடும்.

2. நூலைத் தேர்ந்தெடுத்து அளவை வகுத்தல்

வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதே முறை என்று பலர் எண்ணுகிறார்கள். ஆதியாகமம் கதையாகச் செல்வதால் வாசிப்பும் ஓடுகிறது, யாத்திராகமத்தின் 25ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்கும்போது வேகம் குறைகிறது, லேவியராகமத்தில் நின்றுவிடுகிறது. அந்தப் பகுதிகள் பயனற்றவை என்பதால் இதைச் சொல்லவில்லை. அவற்றை ஏன் வாசிக்கிறோம் என்பது நற்செய்தி ஒன்றை முழுமையாக அறிந்த பிறகே பலருக்குத் தெளிவாகிறது.

மாற்கு நான்கு நற்செய்திகளில் மிகக் குறுகியது. 16 அதிகாரங்களே உள்ளன. அது சம்பவம் சம்பவமாக நகர்வதால், வேலை முடித்துக் களைப்போடு வருபவரும் ஒரு நாளின் பகுதியை மனத்தில் பிடித்துக்கொள்ள முடிகிறது.

நாளுக்கு ஓர் அதிகாரம் என்று வகுப்பது இரண்டாவது பிழை. மாற்குவின் 2ஆம் அதிகாரத்தில் 28 வசனங்களும் 14ஆம் அதிகாரத்தில் 72 வசனங்களும் உள்ளன. அளவு இப்படி மாறும்போது ஒரு நாள் எளிதாகவும் மறுநாள் பெரும் பாரமாகவும் தோன்றும். அதிகாரத்தை விட்டுவிட்டுச் சம்பவத்தை அலகாகக் கொள்ள வேண்டும்: நாளுக்கு ஒரு சம்பவம், அதாவது ஏறக்குறைய 10 முதல் 20 வசனங்கள். வாரத்துக்கு 5 நாட்கள் வாசித்தால் சுமார் இரண்டு மாதத்தில் நூல் முடியும். மீதி 2 நாட்களை வேண்டுமென்றே காலியாக விடுவது, கூடுதல் வேலை வரும் நாளுக்கும் உறவினர் வீட்டு விசேஷத்துக்கும் இடம் கொடுப்பதற்காக.

வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் பட்ட வசனத்தை வாசிக்கும் வழக்கத்தையும், ஆண்டுத் தொடக்கத்தில் எடுக்கும், ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையையே ஆண்டு முழுவதற்குமான வாசிப்பாகக் கொள்வதையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். அட்டையை எடுப்பதில் தவறில்லை. ஆனால் அந்த வசனம் எந்தக் கடிதத்தில், யாருக்கு, எந்த நிலையில் சொல்லப்பட்டது என்று திறந்து பார்க்க வேண்டும். நல்ல எதிர்காலத்தை வாக்களிப்பதாகப் பலருடைய வீட்டுச் சுவரில் தொங்கும் எரேமியா 29:11, எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் உள்ளது. அதற்கு முந்தைய 10ஆம் வசனம், 70 ஆண்டுகள் நிறைவேறிய பின்பே திரும்பி வருவார்கள் என்கிறது. 5ஆம் வசனம் அந்த அந்நிய ஊரிலேயே வீடு கட்டவும், தோட்டம் நட்டு அதன் பலனைச் சாப்பிடவும் சொல்கிறது. 7ஆம் வசனம் தாங்கள் கொண்டுபோகப்பட்ட நகரத்தின் நலனுக்காக ஜெபிக்கச் சொல்கிறது. பால்மரம் வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இந்த வசனங்கள் அட்டையில் உள்ள ஒற்றை வரியைவிட எவ்வளவோ அதிகமாகப் பேசக்கூடியவை. அட்டையில் மட்டும் வாசிப்பவருக்கு அவை கிடைப்பதில்லை.

3. நேரத்தையும் இடத்தையும் நிலைப்படுத்துதல்

கடிகார நேரத்தைக் குறிக்காமல், ஏற்கெனவே நாள்தோறும் நடக்கும் ஒரு செயலோடு வாசிப்பை இணைக்க வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் அழைத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, செல்பவருக்கு விடியற்காலை நேரமில்லை. தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்பவருக்கு இந்த வாரத்தின் காலை அடுத்த வாரத்தில் இரவாகிவிடும். “காலை 6 மணி” என்று முடிவு செய்தவர் ஷிஃப்ட் மாறிய முதல் வாரத்திலேயே முறையை இழக்கிறார். “வேலை முடிந்து குளித்து, தேநீர் குடித்த பிறகு” என்று முடிவு செய்தவருக்கு எந்த ஷிஃப்டிலும் அந்த வேளை வந்தே தீரும்.

இருட்டோடே எழுந்து தனித்த இடத்துக்குப் போய் இயேசு ஜெபம் செய்தார் என்று மாற்கு 1:35 சொல்வதைக் காட்டி, அதிகாலையில் வாசிக்காவிட்டால் பயனில்லை என்று சிலர் புதியவர்களை அச்சுறுத்துகிறார்கள். அதே அதிகாரத்தின் 32ஆம் வசனத்திலிருந்து பார்த்தால், முந்தைய நாள் பொழுது சாய்ந்த பிறகும் ஊர் முழுவதும் அவர் இருந்த வீட்டின் வாசலில் கூடியிருந்தது தெரியும். அந்த ஓயாத நெருக்கடிக்கு நடுவிலும் அவர் தனிமையைத் தேடிக்கொண்டார் என்பதே நாம் பின்பற்ற வேண்டியது. அவரவர் வேலைக்கேற்ப அந்தத் தனிமை எந்த வேளையிலும் அமையலாம்.

தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலும், தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீட்டிலும் தனி அறை கிடைப்பது அரிது. சமையலறை மேசையின் ஓர் ஓரமோ, வாசல் திண்ணையோ போதும். ஆனால் தினமும் அதே இடமாக இருக்கட்டும். வேதாகமம், நோட்டு, பேனா மூன்றும் அங்கேயே இருந்தால், தேடுவதில் கழியும் நேரம் மிஞ்சும்.

4. பகுதியை வாசித்தல்

சிறு ஜெபத்தோடு தொடங்கி, பகுதியை முதலில் வாய்விட்டு வாசிக்க வேண்டும். பிறகு மௌனமாக இன்னொரு முறை வாசிக்க வேண்டும். வாய்விட்டு வாசிக்கும்போது கண் வரியைத் தாண்ட முடியாது என்பதே இதன் காரணம். பழகிய கதையை மௌனமாக வாசிப்பவர், முதல் வரியைப் பார்த்ததும் மீதியை நினைவிலிருந்து நிரப்பிக்கொள்கிறார்.

குடும்பமாக வாசிக்கும்போது தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகளை வாசிக்கச் சொல்லலாம். தேசியப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தடுமாறும். அவர்களைக் கட்டாயப்படுத்தி எல்லார் முன்னிலும் எழுத்துக்கூட்ட வைத்து, உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே இருந்தால், வேத வாசிப்பு அவர்களுக்கு வெட்கத்தோடு சேர்ந்த நினைவாகிவிடும். அவர்கள் கேட்கட்டும், அடுத்த படியில் கண்டதைச் சொல்லட்டும். எழுத்தறியாத பாட்டிமாருக்கும் இதே வழி பொருந்தும். எங்கள் கூட்டத்தில், கண்ணால் வாசிப்பவர்கள் தவறவிட்டதைக் காதால் கேட்ட முதியவர்கள் எடுத்துச் சொல்வது அடிக்கடி நடக்கிறது.

5. கண்டதை எழுதுதல்

இந்த வழிகாட்டியின் மையம் இந்தப் படிதான். அதிக நேரத்தை இங்கே செலவிட வேண்டும். நோட்டில் பகுதியின் எண்ணை எழுதி, அதன் கீழே யார் இருக்கிறார்கள், எங்கே, யார் பேசுகிறார்கள், யார் பேசவில்லை, எது இரண்டு முறை வருகிறது, எந்தச் சிறு விவரம் எதிர்பாராதது என்பவற்றை எழுத வேண்டும். “நாம்” என்ற சொல் இந்தப் பக்கத்தில் வரக்கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். அந்தச் சொல் வந்துவிட்டால், பார்ப்பதை நிறுத்திவிட்டுப் போதிக்கத் தொடங்கிவிட்டோம் என்று பொருள்.

மாற்கு 5:21-43ஐ எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். ஜெப ஆலயத் தலைவர்களில் ஒருவரான யவீரு, சாகும் தறுவாயில் இருக்கும் தம் மகளுக்காக இயேசுவின் பாதத்தில் விழுகிறார். பொது மொழிபெயர்ப்பில் அவர் பெயர் யாயிர் என்றிருக்கும். இயேசு அவரோடு புறப்படுகிறார், கூட்டம் நெருக்குகிறது. 12 ஆண்டுகளாக உதிரப்போக்கால் வருந்திய ஒரு பெண் பின்னால் வந்து அவருடைய ஆடையைத் தொட்டுக் குணமடைகிறாள். இயேசு நின்று, தொட்டது யார் என்று கேட்கிறார். அந்தப் பெண் நடுங்கி முன்வந்து உண்மை முழுவதையும் சொல்கிறாள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, மகள் இறந்துவிட்டாள் என்ற செய்தி வருகிறது. பிறகு இயேசு அந்த வீட்டுக்குச் சென்று சிறுமியை எழுப்புகிறார்.

புதியவர் ஒருவரை இதை வாசித்துக் கண்டதைச் சொல்லும்படி கேட்டால், “இருவரும் விசுவாசித்தார்கள், அற்புதம் நடந்தது” என்பதோடு நிறுத்திவிடுவார். இன்னும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னால் பட்டியல் நீளும். அந்தப் பெண் வருந்தியது 12 ஆண்டுகள். சிறுமியின் வயதும் 12 என்று 42ஆம் வசனம் சொல்கிறது. தலைவரின் பெயர் தரப்பட்டுள்ளது, பெண்ணின் பெயர் தரப்படவில்லை. இருவரும் இயேசுவின் முன் விழுகிறார்கள்: ஒருவர் 22ஆம் வசனத்தில், மற்றவர் 33ஆம் வசனத்தில். யவீரு தம் மகளுக்காக வந்தவர்; வழியில் நின்ற பெண்ணையும் இயேசு “மகளே” என்றே அழைக்கிறார். அவள் தன் பணம் முழுவதையும் மருத்துவர்களிடம் செலவழித்தும் நிலை மோசமானது என்று 26ஆம் வசனம் ஒளிக்காமல் சொல்கிறது. கடைசி வசனத்தில் இயேசு, சிறுமிக்குச் சாப்பிட ஏதேனும் கொடுக்கச் சொல்கிறார்.

பலரும் கடைசியில்தான் கவனிக்கும் ஒன்று உண்டு. 23ஆம் வசனத்தில் மன்றாடிய பிறகு, பகுதி முடியும் வரை யவீரு ஒரு வார்த்தைகூடப் பேசியதாக மாற்கு எழுதவில்லை. யவீருவுடைய மகளின் உயிர் போய்க்கொண்டிருக்கும்போது, இயேசு வேறொருவருக்காக நிற்கிறார். அந்தத் தகப்பன் அந்த நேரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறார். இதைக் கண்டுகொண்டவர் அதன் பிறகு இந்தப் பகுதியை முன்போல அவசரமாகக் கடந்துவிடமாட்டார்.

குறைந்தது ஐந்து விவரங்களாவது நோட்டில் ஏறாமல் அடுத்த படிக்குச் செல்ல வேண்டாம். முதல் இரண்டும் யாருக்கும் தெரிந்தவையாக இருக்கும். மூன்றாவதிலிருந்துதான் வாசிப்பவர் உண்மையாகப் பார்க்கத் தொடங்குகிறார்.

6. கேள்வி கேட்டு, ஓர் இணைப்பகுதியை மட்டும் பார்த்தல்

கண்டவற்றிலிருந்து ஒரு கேள்வியை எழுத வேண்டும். “அந்தப் பெண் ஏன் முன்னால் வந்து கேட்காமல் பின்னால் வந்து தொட்டாள்?” என்பது நல்ல கேள்வி, ஏனெனில் வேதத்திலேயே அதற்கு வெளிச்சம் உண்டு. லேவியராகமம் 15:25-27இன்படி அவள் தீட்டுள்ளவளாகக் கருதப்பட்டாள். அவள் படுத்த படுக்கையையும் உட்கார்ந்த இருக்கையையும் தொட்டவருக்கும் தீட்டு ஒட்டும். கூட்டத்துக்குள் அவள் வந்ததே எத்தனை துணிவான செயல் என்பது அப்போது விளங்கும். கேள்வியோடு செல்பவருக்கு லேவியராகமமும் வாசிக்க எளிதாகிறது.

ஒரு பகுதிக்கு ஓர் இணைப்பகுதி போதும். பக்க ஓரத்தில் உள்ள எல்லா இணைவசன எண்களையும் தேடிச் செல்பவர் அரை மணி நேரத்துக்குப் பின் தொடங்கிய பகுதியையே மறந்திருப்பார். விடை கிடைக்காத கேள்வியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்துப் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கேட்கலாம். விடை தெரியாத இடத்தில் கற்பனையால் நிரப்புவதைவிட, கேள்வியைத் திறந்தபடி விடுவது நேர்மையானது.

7. பகுதியை நம் நாளோடு சேர்த்துப் பார்த்தல்

இப்போதுதான் “நான்” என்ற சொல்லுக்கு இடம் உண்டு. “நாம்” இன்னும் வேண்டாம். இன்று காலையிலிருந்து நடந்தவற்றில் எந்த ஒரு நிமிடத்தை இந்தப் பகுதி தொடுகிறது என்று தேட வேண்டும். வாழ்க்கை முழுவதையும் எடுத்துக்கொண்டால் பொதுவான வாக்கியங்களே வரும். ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்டால், பகுதி அந்த நிமிடத்தைச் சோதிக்கும்.

இந்தப் படியில் தோட்டப்புறத்து வாசகருக்கு ஒரு தனிப்பட்ட இடர் உண்டு. வேதாகமத்தில் வயல், விதை, திராட்சத்தோட்டம், கூலியாட்கள் என்று நாம் அறிந்த உலகம் நிறைந்திருப்பதால், பாத்திரங்களை நம் ஆட்களாக மாற்றிவிடுகிறோம். மத்தேயு 20:1-16இல் உள்ள திராட்சத்தோட்டக் கூலியாட்களின் உவமையை எங்கள் பக்கத்தில் வாசித்தால், வீட்டு எஜமானைத் தோட்டத்துத் துரையாகவும், சம்பளம் கொடுக்கும் காரியக்காரனைத் தோட்டத்து எழுத்தரான கிராணியாகவும், கடைசியில் வந்தவர்களைக் குத்தகை ஆட்களாகவும் உடனே பொருத்திவிடுவார்கள். அதன் பிறகு பேச்சு முழுவதும் சம்பள நியாயத்தைப் பற்றியே போகும். முழு நாள் வெயிலைச் சுமந்தவர்களின் முறையீடே உவமையின் முடிவாகிவிடும்.

பொருத்திப் பார்ப்பதைத் தடை செய்ய வேண்டியதில்லை. பெரட்டில் பெயர் அழைக்கப்படாமல் நின்றவருக்கு, “எங்களை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை” என்ற 7ஆம் வசனத்தின் பதில் வேறு யாரையும்விட ஆழமாகக் கேட்கும். ஆனால் பொருத்திய பிறகு, எங்கே பொருந்தவில்லை என்பதையும் எழுதியே ஆக வேண்டும். இந்த எஜமான் தாமே சந்தைக்குப் போகிறார். விடியற்காலையிலும், மூன்றாம், ஆறாம், ஒன்பதாம், பதினோராம் மணி வேளைகளிலும், ஐந்து முறை போகிறார். பதினோராம் மணி என்பது நம் கணக்கில் மாலை 5 மணி. ஒரு நாள் கூலியான ஒரு பணத்தை ஒரு மணி நேரம் வேலை செய்தவருக்கும் கொடுக்கிறார். முன்பு பேசிய கூலியில் யாருக்கும் குறைக்கவில்லை. எந்தத் தோட்டத்து நிர்வாகியும் இப்படிச் செய்து நாம் பார்த்ததில்லை. அந்த வேறுபாட்டில்தான் உவமை கடவுளைப் பற்றிப் பேசுகிறது. அதை எழுதாமல் விட்டால், நம் தோட்டத்தைப் பற்றி நாமே பேசிக்கொண்டதாக முடியும்.

8. ஜெபித்தல்

கண்டதையும் சேர்த்துப் பார்த்ததையும் ஓரிரு வாக்கியங்களில் ஆண்டவரிடம் சொல்ல வேண்டும். வழக்கமான நீண்ட ஜெபத்தை இங்கே தொடங்கினால், வாசித்த பகுதி அதில் கரைந்துபோகும். குடும்ப ஜெபத்துக்கும் மற்றவர்களுக்கான மன்றாட்டுக்கும் அதன் பிறகு இடம் உண்டு.

9. தியானக் குறிப்பு எழுதுதல்

தினமும் எழுத வேண்டியதில்லை; வாரத்துக்கு ஒரு முறை, அந்த வாரத்தில் அதிகமாகத் தொட்ட பகுதியைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதினால் போதும். வரிசை இதுதான்: பகுதியின் எண், அதில் கண்ட ஒரே ஒரு விவரம், அது தொட்ட ஒரு நிமிடம், ஜெபம். விவரம் முதலில் வர வேண்டும். சொந்த அனுபவத்தை முதலில் எழுதுபவர், தம் அனுபவத்துக்குத் துணை நிற்கும் வசனத்தைத் தேடத் தொடங்குகிறார். வேதம் அவரைத் திருத்துவதற்கு வழியில்லாமல் போகிறது.

புதியவர்கள் எழுதும் முதல் குறிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: “யவீருவைப் போல நாமும் எந்தச் சூழ்நிலையிலும் விசுவாசத்தில் உறுதியாக இருக்க வேண்டும். பயப்படாமல் கர்த்தரை நம்பினால் அவர் நிச்சயம் அற்புதம் செய்வார்.” இதில் சொல்லப்பட்டது தவறு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் பகுதியைத் திறக்காமலேயே இதை எழுதியிருக்கலாம். மேலும், ஜெபித்தும் பிள்ளையை இழந்த ஒரு தாய் அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருந்தால், “நிச்சயம்” என்ற அந்த உறுதி அவளை எப்படிக் காயப்படுத்தும் என்பதை எழுதியவர் எண்ணிப் பார்க்கவில்லை.

அதே பகுதியை வரிசைப்படி எழுதினால் எப்படி அமையும் என்பதற்கு ஒரு மாதிரி:

“மாற்கு 5:24-36. இயேசு வழியில் நின்ற நேரம் முழுவதும் யவீரு பேசியதாக எழுதப்படவில்லை. அவருடைய மகள் வீட்டில் இறந்துகொண்டிருக்கிறாள். 12 ஆண்டுகள் காத்திருந்த ஒரு பெண்ணின் கதை முழுவதையும் அவர் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. இன்று காலை கிளினிக்கில் எனக்குப் பின்னால் வந்த ஒருவரை முதலில் உள்ளே அழைத்தார்கள். நான் முகம் சுளித்தேன். அவருக்கு என்ன துன்பம் என்று எண்ணிப் பார்க்கவில்லை. ஆண்டவரே, நான் காத்திருக்கும் வேளையில் நீர் யாருக்காக நிற்கிறீர் என்று திரும்பிப் பார்க்க எனக்குக் கற்றுத்தாரும்.”

மற்றவர்களுக்கு அறிவுரை சொல்லும் ஒரு வாக்கியமும் இந்த மாதிரியில் இல்லாததைக் கவனிக்க வேண்டும். கேட்பவர் தாமே தம் காத்திருப்பை நினைத்துக்கொள்வார். எழுதி முடித்ததும், “வேண்டும்” என்று முடியும் வாக்கியங்களை எண்ணிப் பார்த்து, ஒன்றுக்கு மேல் இருந்தால் நீக்கிவிடுவது நல்ல பயிற்சி.

10. கூட்டத்தில் பகிர்தல்

வீட்டு ஜெபக் கூட்டத்திலோ, கத்தோலிக்கப் பங்கின் சிறு குழுவான அன்பியத்தின் கூட்டத்திலோ குறிப்பை வாசிக்கும்போது எழுதியதை அப்படியே வாசித்து நிறுத்திவிட வேண்டும். வாசித்த பிறகு விளக்கம் சொல்லத் தொடங்கினால், தியானம் பிரசங்கமாக நீளும். அடுத்தவர் பகிர நேரமிருக்காது.

அயலாரின் நோய், கடன், குடும்பச் சிக்கல் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகவோ ஜெபக் குறிப்பாகவோ சொல்வதற்கு முன் அவருடைய அனுமதியைக் கேட்க வேண்டும். எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிறு ஊரில், பெயரை மறைத்தாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஜெபத்துக்காகச் சொன்ன செய்தி மறுநாள் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் பேச்சாகித் திரும்பி வந்ததால், கூட்டத்துக்கு வருவதையே நிறுத்தியவர்கள் உண்டு.

சுவரை ஒட்டிய அடுத்த வீட்டில் அதிகாலை வேலைக்குச் செல்பவர் உறங்கலாம். ஒலிபெருக்கி வீட்டுக் கூட்டத்துக்குத் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் குறிப்பை அனுப்புபவர், அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவு, முஸ்லிம்களிடையே வேறு சமயத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்ற இடமளிக்கிறது; ஆகையால் வேலையிடக் குழுவிலோ குடியிருப்புக் குழுவிலோ தியானக் குறிப்பைப் பகிராமல், சபையாருக்கென்று தனிக் குழு வைத்துக்கொள்வதே முறை.

11. வாசிப்பு விட்டுப்போகும் நாட்கள்

புக்கிட் மெர்தாஜம் புனித அன்னாள் திருவிழாவுக்கு ஜூலை மாதத்தில் குடும்பத்தோடு செல்லும் வாரத்திலும், வீட்டில் நோய் வந்த வாரத்திலும், இரவு ஷிஃப்ட் தொடங்கும் வாரத்திலும் வாசிப்பு நிற்கும். திரும்பத் தொடங்கும்போது, விட்டுப்போன எல்லாவற்றையும் ஒரே நாளில் வாசித்து ஈடுகட்ட முயலக்கூடாது. அப்படிச் செய்பவர் 5 மற்றும் 6ஆம் படிகளை விட்டுவிட்டுப் பக்கங்களை மட்டும் கடக்கிறார். நின்ற இடத்திலிருந்தே ஒரு சம்பவத்தை எடுத்துத் தொடர வேண்டும். நூல் முடிவது ஒரு மாதம் தாமதித்தாலும் இழப்பு ஒன்றுமில்லை.

12. மாற்குவில் பலர் தடுக்கி நிற்கும் இரண்டு இடங்கள்

13ஆம் அதிகாரத்தில் ஆலயத்தின் அழிவைப் பற்றியும் முடிவு காலத்தைப் பற்றியும் இயேசு பேசுகிறார். அந்த 37 வசனங்களையும் பிரிக்காமல் ஒரே அமர்வில் வாசிப்பது நல்லது, ஏனெனில் யுத்தங்களைப் பற்றிய ஒரு வசனத்தை மட்டும் தனியே எடுப்பவர் அதை அன்றைய செய்தித்தாளோடு பொருத்தத் தொடங்குகிறார். அந்த நாளையும் அந்த மணி நேரத்தையும் பிதாவைத் தவிர ஒருவரும் அறியார் என்னும் 32ஆம் வசனமும், விழித்திருங்கள் என்னும் கடைசி வசனமும் சேர்ந்தே அந்த அதிகாரத்தை வழிநடத்துகின்றன.

16ஆம் அதிகாரத்தின் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் மிகப் பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் இல்லை என்ற குறிப்பைப் பார்த்துச் சிலர் கலங்குகிறார்கள். கலங்கத் தேவையில்லை. முதலில் 8ஆம் வசனம் வரை வாசித்து நிறுத்தி, கல்லறையிலிருந்து பயத்தோடு ஓடிய பெண்களோடு ஒரு நாள் இருக்கலாம். மறுநாள் மீதியை வாசிக்கலாம். உயிர்த்தெழுந்தார் என்ற செய்தி 6ஆம் வசனத்திலேயே அறிவிக்கப்பட்டுவிடுகிறது.

13. மாற்குவுக்குப் பின் எதை எடுப்பது

உடனே பெரிய நூலுக்குச் செல்லாமல், நான்கு அதிகாரங்களே உள்ள ரூத்தை எடுக்கலாம். அந்நிய நாட்டில் பிழைக்கச் சென்ற குடும்பமும், அறுவடை வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கும் மருமகளும் நம் வீடுகளுக்கு அந்நியரல்லர். அடுத்து, பவுல் காவலில் இருந்தபோது எழுதிய பிலிப்பியர். அதுவும் நான்கு அதிகாரங்கள். கடிதத்தை வாசிக்கும்போது சம்பவம் இல்லாததால் 5ஆம் படியின் கேள்விகளை மாற்றிக்கொள்ள வேண்டும்: எழுதுபவர் யாருக்கு நன்றி சொல்கிறார், எதற்கு வருந்துகிறார், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார். ஞாயிறு மாலைகளில் ஒரு சங்கீதம் சேர்த்துக்கொள்ளலாம்.

அதன் பின் லூக்காவின் 24 அதிகாரங்களைத் தொடங்கலாம். அங்கே 8:40-56இல் யவீருவின் கதை மீண்டும் வரும். மாற்குவை வாசித்தபோது எழுதிய குறிப்பை அந்த நாளில் முதலில் திறக்க வேண்டாம். லூக்கா சொல்வதை முதல்முறை கேட்பதுபோல் வாசித்து, அவள் தகப்பனுக்கு ஒரே மகள் என்று 42ஆம் வசனம் சேர்க்கும் விவரத்தையும் மற்றவற்றையும் புதிய பக்கத்தில் எழுதிய பிறகே பழைய நோட்டை எடுத்து அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.